மூன்றாவது பீரியடும் ஒரு மருந்துக்கடைக்காரரும்

இன்றைய பதிவு நீளமானது, டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். வரலாற்று வாத்தியார் என்றால் ராஜராஜன், பானிபட், பிரெஞ்சுப் புரட்சி என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று சொல்லப்போவது ஒரு சாப்பாட்டு இடைவேளையின் வரலாறு. நடந்தது அமெரிக்காவில். அதை நான் ஏன் தேடிப் படித்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு அது பெருமை தருகிற காரணம் அல்ல. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் பள்ளியில் டைம்டேபிள் போட்டவன் நான். டைம்டேபிள் போட்டவர்களுக்குத் தெரியும், மே மாதக் கடைசியில் பெரிய சார்ட் பேப்பரை விரித்து வைத்து, பென்சிலும் ரப்பருமாக மூன்று நாள் உயிரை வாங்கும் வேலை அது. எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. பழைய தலைமை ஆசிரியர் காலத்திலிருந்தே அவருக்கு மூன்றாவது பீரியட் ஃப்ரீ. காலை இன்டர்வல் மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து, டப்பாவில் கொண்டுவந்த இரண்டு இட்லியைச் சாப்பிட்டு, சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு நான்காவது பீரியடுக்குக் கிளம்பிவிடுவார். எங்கும் எழுதி வைத்த ஏற்பாடு இல்லை. பழைய சார் வாயால் சொன்னார், நடந்தது.

2004 ஜூனில் அந்த ஏற்பாட்டை நான் எடுத்துவிட்டேன். பழைய சார் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு காலையில்தான் வேண்டும் என்று புதிய தலைமை ஆசிரியர் சொன்னார். மூன்றாவது கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். டீச்சர் வந்து கேட்டார். நான் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது: "இன்டர்வல்தான் பத்து நிமிஷம் இருக்கே டீச்சர். நீங்க நல்லாத்தானே இருக்கீங்க, இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட மயக்கம் போட்டுப் பார்த்ததில்லையே."

இத்தனை வருடம் அவர் மயங்காமல் இருந்ததற்கே அந்த மூன்றாவது பீரியடுதான் காரணம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அவரும் வாதாடவில்லை, "சரி சார்" என்று போய்விட்டார். மாடி வகுப்பிலிருந்து இறங்கி, ஊருக்கே பொதுவான அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்து, மறுபடியும் ஏறவேண்டும். பல நாள் முடியவில்லை. சேலைத் தலைப்புக்குள் பிஸ்கட்டை மறைத்து வைத்து, போர்டு பக்கம் திரும்பிச் சாப்பிட்டிருக்கிறார். பையன்கள் பிறகு சொன்னார்கள். ஆகஸ்டில் ஒருநாள் சாக்பீஸ் பிடித்த கை நடுங்கி, வேர்த்து, மேசையைப் பிடித்தபடி சரிந்தார். வகுப்புத் தலைவன் ஓடிவந்து என்னைத்தான் கூப்பிட்டான்.

மறுநாளே மூன்றாவது பீரியடைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வருடம் அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஆசிரியர் கூட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குத் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் ஸ்டீபன் ஓர் என்கிற மருந்தாளுநரின் வழக்கைப் படித்தேன். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் சாட்ரன் என்று ஒரு சிறிய ஊர். 1998இல் அங்கே வால்மார்ட் கடையின் மருந்துப் பிரிவில் ஓர் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு நீரிழிவு, இன்சுலின் எடுத்துக்கொள்பவர். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இடையூறு இல்லாமல் அரைமணி நேரம் வேண்டும் என்று அவர் சொல்ல, முதலில் ஒப்புக்கொண்டார்கள். மருந்துப் பிரிவில் இருந்தவர் அவர் ஒருவர்தான். மதியம் அரைமணி நேரம் கவுண்டரை மூடிவிட்டுச் சாப்பிட்டு வந்தார். பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: மூடக்கூடாது, வேலை செய்துகொண்டே சாப்பிட்டுக்கொள். அவரும் முயன்று பார்த்தார். வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது வாயில் சோற்றை வைத்துக்கொண்டு எப்படி மருந்து எண்ணுவது? சர்க்கரை தாழ்ந்து போகத் தொடங்கியது. தவறான மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மீண்டும் கவுண்டரை மூடிச் சாப்பிட ஆரம்பித்தார். மே மாதம் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

வழக்குப் போட்டார். 2002இல் எட்டாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாப்பாட்டு இடைவேளை கொடுத்திருக்க வேண்டுமா இல்லையா என்ற கேள்விக்கே அது போகவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டது. இன்சுலினும் உணவுக் கட்டுப்பாடும் எடுத்துக்கொண்டு நீர் நன்றாகத்தான் இருக்கிறீர், ஆகவே சட்டத்தின் கண்ணில் நீர் உடல்குறை உள்ளவரே அல்ல, உமக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அனுமானம், அதைக் கணக்கில் எடுக்க முடியாது. சாரம் இதுதான்.

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க டீச்சர்." நெப்ராஸ்காவில் அதையே ஒரு நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது.

இந்தக் கூத்து எப்படி வந்தது? ஏனென்றால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இப்படி நினைக்கவே இல்லை. அதற்குப் பின்னோக்கிப் போக வேண்டும்.

கதை ஒரு டீச்சரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஜூடித் ஹியூமன், நியூயார்க் பெண். ஒன்றரை வயதில் போலியோ, அதிலிருந்து சக்கர நாற்காலி. ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, இந்தக் குழந்தை இருந்தால் தீப்பிடித்தால் ஆபத்து என்று திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்து ஆசிரியர் பயிற்சி முடித்து 1970இல் லைசென்ஸ் கேட்டபோதும் மருத்துவப் பரிசோதனையில் அதே தீக்காரணத்தைச் சொல்லித் தோற்கடித்தார்கள். கழிப்பறைக்கு எப்படிப் போவாய், செய்து காட்டு என்று கேட்ட டாக்டரும் உண்டு. ஹியூமன் நகரக் கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டார். வழக்கு போய்ச் சேர்ந்தது கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியிடம், அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. வாரியம் இறங்கிவந்தது. லைசென்ஸும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

1973இல் மறுவாழ்வுச் சட்டம் என்று ஒன்று வந்தது. இருமுறை வீட்டோ போட்ட நிக்சன் மூன்றாவது முறை கையெழுத்திட்டார். அதில் 504 என்றொரு பிரிவு: மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த அமைப்பும் உடல்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது. நல்ல வரிதான். ஆனால் விதிகள் இல்லாத சட்டம் சாவி இல்லாத பூட்டு மாதிரி. நான்கு வருடம் விதிகளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரல் 5ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் பல நகரங்களில் அரசு அலுவலகங்களுக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களில் சீக்கிரம் கலைந்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் சுமார் 150 பேர் மூன்று வாரத்துக்கு மேல் அசையவில்லை. முன்னணியில் ஹியூமன்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். உண்ணாவிரதம், மறியல் எல்லாம் நமக்குப் புதிதில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களில் பலருக்கு ராத்திரி படுக்கையில் திருப்பிப் போட ஆள் வேண்டும். சிலருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும். சிலருடைய மருந்து குளிர்ச்சியில் இருந்தாக வேண்டும். ஏசியின் மேல் ஒரு பெட்டியை டேப் போட்டு ஒட்டி, அதையே ஃபிரிட்ஜாக்கி மருந்து வைத்தார்கள். பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ கையெழுத்துப் போட்டார்.

அந்த விதிகளில்தான் நம் கதைக்கு வேண்டிய சொல் இருக்கிறது. தமிழில் அதை நான் "தக்க ஏற்பாடு" என்று எழுதுகிறேன். வேலை பார்க்கும் ஒருவருடைய உடல்நிலைக்கு ஏற்ப வேலை நேரத்தை மாற்றுவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, கருவி வாங்கிக் கொடுப்பது, இதெல்லாம் தக்க ஏற்பாடு. முதலாளியால் தாங்க முடியாத சிரமமாக இருந்தால் மட்டும் மறுக்கலாம். சுவாரசியம் என்னவென்றால், இந்தச் சொல் நோயாளிகளுக்காகப் பிறந்ததே இல்லை. சனிக்கிழமை ஓய்வுநாள் அனுசரிக்கிற மதத்தவருக்கு அன்று வேலை போடாமல் இருக்க முடியுமா என்று வேலைவாய்ப்புச் சட்டத்தில் எழுந்த வழக்குகளில் பிறந்த சொல் அது. மதத்திலிருந்து மருத்துவத்துக்கு வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். 1977 விதிகளின் விளக்கக் குறிப்பில், எவையெல்லாம் உடல்குறையாகக் கருதப்படும் என்ற வரிசையில் வலிப்பு, புற்றுநோய், இதயநோய் இவற்றோடு நீரிழிவும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. 1977இலேயே!

அடுத்ததும் ஒரு டீச்சர்தான். (எங்கே பார்த்தாலும் டீச்சர்களாக வருகிறார்களே என்று நினைக்க வேண்டாம். நோயோடு நாற்பது பேர் முன்னால் நிற்க வேண்டிய வேலை இது.) ஜீன் ஆர்லைன், ஃப்ளோரிடா மாநிலம் நாசோ கவுண்டியில் 1966 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அதற்கு முன்பே, 1957இல், காசநோய்க்காக மருத்துவமனையில் இருந்தவர். இருபது வருடம் நோய் தூங்கியது. 1977இல் மறுபடி தலைகாட்டியது, 1978இல் இரண்டு முறை. சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொன்னார்கள். 1979இல் கல்வியாண்டு முடிந்ததும் வேலையை விட்டே நீக்கினார்கள். ஒழுங்கீனம் இல்லை, பாடம் நடத்தத் தெரியவில்லை என்றும் இல்லை. காசநோய் திரும்பத் திரும்ப வருகிறது, அதுதான் காரணம்.

வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போக 1987 ஆகிவிட்டது. எய்ட்ஸ் பற்றிய பீதி உச்சத்தில் இருந்த நேரம். தொற்றுநோயாளியை நீக்குவது நோய்க்காக அல்ல, தொற்றும் என்ற பயத்துக்காக, ஆகவே சட்டம் குறுக்கே வராது என்று அரசுத் தரப்பிலேயே வாதம் இருந்தது. நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பு, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், அதை ஏற்கவில்லை. நோயையும் நோயைப் பற்றிய பயத்தையும் இப்படி இரண்டாக வெட்ட முடியாது என்றார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: தொற்று எப்படிப் பரவும், எவ்வளவு காலம் பரவும், எவ்வளவு ஆபத்து, மருத்துவ அறிவு என்ன சொல்கிறது, தக்க ஏற்பாடு செய்தால் அவரால் வேலை பார்க்க முடியுமா? வழக்கு மீண்டும் கீழே போனது. ஆர்லைன் வேலைக்குத் தகுதியானவர்தான் என்று அடுத்த வருடம் விசாரணை நீதிமன்றம் சொன்னது.

விட்டுவிட்டு வருகிற நோயும் நோய்தான் என்று அந்த வழக்கில் நிலைநாட்டப்பட்டதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1990 ஜூலை 26ஆம் தேதி மூத்த புஷ் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் உட்கார்ந்து கையெழுத்திட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டம், 504இன் உரிமையைத் தனியார் நிறுவனங்களுக்கும் நீட்டித்தது. மருந்தால் கட்டுக்குள் இருந்தாலும் நீரிழிவு, வலிப்பு உள்ளவர்களுக்குச் சட்டம் பொருந்தும் என்று நாடாளுமன்றக் குழு அறிக்கைகளிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் அது அறிக்கையில் இருந்தது. சட்டத்தின் வாசகத்தில் இல்லை. வாழ்க்கையின் முக்கியமான செயல் ஒன்றைக் கணிசமாகக் கட்டுப்படுத்தும் குறை என்பதுதான் சட்டம் சொன்ன இலக்கணம்.

முன்னுரையில் ஒரு எண்ணும் இருந்தது. நாலு கோடியே முப்பது லட்சம் அமெரிக்கர்களுக்கு உடல்குறை இருக்கிறது என்று. மக்கள் எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று காட்டுவதற்காகப் பெருமையாகப் போட்ட எண். பரீட்சையில் பையன்கள் சும்மா கெத்துக்காக ஒரு புள்ளிவிவரத்தை எழுதி, அதாலேயே மாட்டிக்கொள்வார்களே, அதே கதை.

1999 ஜூன் 22. உச்சநீதிமன்றம் ஒரே நாளில் மூன்று தீர்ப்புகள் சொன்னது. முதலாவதில் இரட்டைச் சகோதரிகள், கடுமையான கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டால் முழுப் பார்வை. யுனைடெட் ஏர்லைன்ஸில் விமானி வேலை கேட்டார்கள். கண்ணாடி இல்லாத பார்வை போதாது என்று நிறுவனம் மறுத்தது. நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதினார்: உடல்குறை உண்டா என்பதை, அதைச் சரிசெய்கிற கண்ணாடி, மருந்து எல்லாவற்றோடும் சேர்த்தே பார்க்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்களையெல்லாம் சேர்த்தால் பதினாறு கோடிக்கு மேல் போய்விடும். சட்டமே நாலு கோடியே முப்பது லட்சம் என்றல்லவா சொல்கிறது? பெருமைக்குப் போட்ட எண் வேலியாகிவிட்டது.

கண்ணாடி விஷயத்தில் எனக்கும் அந்த அம்மையாரோடு பெரிய சண்டை இல்லை. நானே ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவன். வினை என்னவென்றால் அதே தர்க்கம் இரண்டாவது வழக்கில் ரத்தக்கொதிப்புக்கும் போனது. யுபிஎஸ் நிறுவனத்தில் மெக்கானிக்காக இருந்த மர்ஃபிக்கு மருந்து இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் 250க்கு 160. படிக்கும்போதே நமக்குத் தலை சுற்றுகிறது. மருந்து சாப்பிட்டால் ஓரளவு நடமாடலாம். கனரக வண்டி ஓட்டும் தகுதிக்கு அவருடைய அழுத்தம் அதிகம் என்று நிறுவனம் வேலையை விட்டு அனுப்பியது. மருந்தோடு நன்றாக இருக்கிறார், ஆகவே உடல்குறை இல்லை என்று சட்டம் அனுப்பியது. ஒரே ரத்த அழுத்தம் வேலைக்கு ஆகாத அளவு அதிகம், பாதுகாப்புக்கு ஆகாத அளவு குறைவு!

அடுத்தது 2002. இந்த வழக்குதான், கிடைத்த ஏற்பாட்டைக் கட்டிக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அப்படியே காட்டுவது. கென்டக்கியில் ஜார்ஜ்டவுன் டொயோட்டா தொழிற்சாலையில் எல்லா வில்லியம்ஸ் 1990இல் சேர்ந்தார். காற்றழுத்தக் கருவிகளோடு வேலை செய்து செய்து மணிக்கட்டில் நரம்பு அழுத்தம், கையில் தசைநாண் வீக்கம். வேறு வேலைக்கு மாற்றினார்கள். 1993இல் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு வந்தார். அங்கே நான்கு விதமான வேலைகள். அவர் இரண்டு மட்டும் பார்த்தார், பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் பெயின்ட் குறை கண்டுபிடிப்பது. வேலை நன்றாகவே நடந்தது. மூன்று வருடம் கழித்து, 1996இல், எல்லோரும் நான்கு வேலையையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. புதிதாக வந்த வேலை, ஸ்பாஞ்சில் எண்ணெய் தொட்டுக் கார் உடல் முழுக்கத் துடைப்பது. நிமிடத்துக்கு ஒரு கார். தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கியபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பழைய வலி தோளுக்கும் கழுத்துக்கும் ஏறியது. பழைய இரண்டு வேலையே போதும் என்று கேட்டதாகவும் மறுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். 1997 ஜனவரியில் வருகைப் பதிவேடு சரியில்லை என்று காரணம் காட்டி நீக்கக் கடிதம் வந்தது.

யாரும் அவரை விரட்ட வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன். டைம்டேபிள் மாறியது, அவ்வளவுதான். சார்ட் பேப்பரை விரித்தவனுக்கு எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

உச்சநீதிமன்றத்தின் ஒன்பது பேரும் ஒரே குரலில், மீண்டும் ஓகானரின் எழுத்தில், அவருக்குச் சாதகமாக இருந்த கீழ்த் தீர்ப்பைத் தள்ளினார்கள். வேலையில் கையைத் தூக்க முடியாதது போதாது, எல்லோருடைய அன்றாட வாழ்வுக்கும் மையமான காரியங்களைச் செய்ய முடியாமல் இருக்க வேண்டும். இவர் பல் துலக்குகிறார், முகம் கழுவுகிறார், சமைக்கிறார், துணி துவைக்கிறார். அதாவது, வேலையில் ஏற்பாடு கேட்கும் ஒருவர் வீட்டில் பல் துலக்க முடியாதவராகவும் இருக்க வேண்டும். பல் துலக்க முடியாதவருக்கு எந்தத் தொழிற்சாலை வேலை கொடுக்கும்?

அதே 2002இல்தான் நம் மருந்தாளுநர் ஓர் தோற்றது. இப்போது அந்தத் தீர்ப்பின் வழி புரிகிறதல்லவா? 1999இல் போட்ட வேலிக்கு வெளியே அவர் நின்றார். ஊசி போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டதால் தோற்றார். பார்த்துக்கொள்ளாமல் மயங்கி விழுந்திருந்தால் ஒருவேளை வழக்கில் வென்றிருப்பார். அப்போது மருந்துக்கடையில் அவர் கையிலிருந்து மாத்திரை வாங்க ஆள் இருந்திருக்காது.

2007 அக்டோபரில் ஓர் வாஷிங்டன் போய் நாடாளுமன்றத் துணைக்குழு முன் சாட்சி சொன்னார். சட்டத்தைத் திருத்தும் மசோதாவை ஜனநாயகக் கட்சியின் ஸ்டெனி ஹோயரும் குடியரசுக் கட்சியின் ஜிம் சென்சன்பிரென்னரும் சேர்ந்து கொண்டுவந்திருந்தார்கள். தொழில் நிறுவனங்களின் சங்கங்களும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளும் பல வாரம் எதிரெதிரே உட்கார்ந்து வாசகத்தைப் பேசி முடித்தன. 2008 செப்டம்பர் 25 அன்று இளைய புஷ் கையெழுத்திட்டார். அப்பா போட்ட சட்டத்தை மகன் ரிப்பேர் பார்த்தார்.

அந்தத் திருத்தச் சட்டத்தைப் படித்தால், பழைய தோல்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியது போலவே இருக்கும். 1999, 2002 தீர்ப்புகளைப் பெயர் சொல்லியே தவறு என்கிறது. மருந்து, இன்சுலின், செயற்கை உறுப்பு, காது கேட்கும் கருவி இவற்றால் கிடைக்கும் பலனைக் கணக்கில் எடுக்காமல்தான் உடல்குறை உண்டா என்று பார்க்க வேண்டும், சாதாரணக் கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. விட்டுவிட்டு வரும் நோயும், தற்போது அடங்கியிருக்கும் நோயும், தலைகாட்டும் நேரத்தில் கணிசமாகக் கட்டுப்படுத்துமானால் உடல்குறைதான். ஆர்லைன் டீச்சரின் காசநோயை நினைத்துக்கொள்ளுங்கள். பல் துலக்குவது, நடப்பது மட்டுமல்ல, உடம்புக்குள் நடக்கும் நோய் எதிர்ப்பு, செரிமானம், நாளமில்லாச் சுரப்பி, ரத்த ஓட்டம் இவையும் வாழ்க்கையின் முக்கியச் செயல்கள்தான். முன்னுரையில் இருந்த அந்த நாலு கோடியே முப்பது லட்சத்தை அடித்துவிட்டார்கள். 2009 ஜனவரி 1 முதல் அமல். 2011இல் வந்த விதிகளில் நீரிழிவு மறுபடியும் பெயர் சொல்லி வந்தது, நாளமில்லாச் சுரப்பியின் வேலையைக் கட்டுப்படுத்தும் நோய் என்று. 1977இல் இருந்த இடத்துக்குத் திரும்பி வர முப்பத்துநான்கு வருடம்.

நம் ஊரில் எப்படி என்று கேட்பீர்கள். கூட்டத்திலும் கேட்டார்கள். நம் நாட்டில் 1995 சட்டம் ஏழு வகை உடல்குறைகளைத்தான் பட்டியலிட்டது. ஆனால் அதிலேயே ஒரு நல்ல பிரிவு இருந்தது, 47ஆவது: பணியில் இருக்கும்போது உடல்குறை வந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது. 2016 சட்டத்தில் அதுவே 20ஆவது பிரிவாக வந்தது. அரசு நிறுவனம் தக்க ஏற்பாடு செய்து தரவேண்டும் என்பதும் சேர்ந்தே வந்தது. பட்டியல் 21 ஆனது. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோஃபீலியா, தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை எல்லாம் உள்ளே வந்தன. நீரிழிவு அதில் இல்லை. ஆனால் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம், தக்க ஏற்பாடு கேட்க 40 சதவீதச் சான்றிதழ் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு அவருக்கு. குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டார், கிடைத்தது. பணியில் இருக்கிற நண்பர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். முடிந்தால் உங்கள் ஏற்பாட்டைத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் ஏற்பாடு, சொன்னவர் ஓய்வு பெறும் அன்றே ஓய்வு பெற்றுவிடும். டைம்டேபிள் போட்டவன் சொல்கிறேன்.

போன தையில் ஒரு கல்யாணத்தில் அந்தக் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தலை முழுக்க நரை. "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்கப்போய், அந்த வார்த்தையே வாயில் பாதியில் நின்றுவிட்டது. அவரே பேசினார். கடைசிவரை பணியில் இருந்துதான் ஓய்வு பெற்றாராம். போன இடத்தில் முதல் நாளே மூன்றாவது பீரியட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொண்டாராம். நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ சார்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் மருந்தாளுநர் கதையைச் சொன்னேன். வாத்தியார் புத்தி. கவனமாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "சட்டம் மாறின பிறகு அந்த ஆளுக்கு வேலை திரும்பக் கிடைச்சுதா சார்?"

புதிய சட்டம் பழைய வழக்குகளுக்குப் பொருந்தாது, அவர் தோற்ற வழக்கு தோற்றதுதான் என்றேன்.

"அப்படியா" என்று சொல்லி மணியைப் பார்த்தார். பன்னிரண்டரை. முதல் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது. நான் முன்னால் போய்க் கூட்டத்தை விலக்கி, ஓரத்து இலை ஒன்றைப் பிடித்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.